கம்பியில்லா வலையும் கடைமடையும்

காவிரிக் கழனிகளைக் கண்டு வளர்ந்தார்க்குத் தலைமடை, கடைமடை என்னும் சொற்களின் பொருளை விளக்க வேண்டுவதின்று. மேட்டூரில் எத்துணை நீர் திறப்பினும், கல்லணையில் எத்துணை மதகு உயர்த்தினும், வாய்க்காலின் இறுதி வயலில் நீர் ஏறிற்றா என்பதே உழவன் கேட்கும் கேள்வி. அணையின் நீர்மட்டத்தைச் செய்தித்தாள் நாடோறும் அச்சிடும். கடைமடையின் வறட்சியை அங்கு உழுபவனே அறிவான். வீட்டுக்கு ஒரு ரவுட்டர் தெரிந்தெடுத்தல் என்னும் சிறு பொருளைப் பற்றி எழுதப் புகுந்த யாம் அணையையும் வயலையும் முன்னிறுத்துவது என்னையெனின், இக்கருவியை வாங்குவார் பெரும்பாலோர் அணையின் மட்டத்தையே கேட்டு வாங்கிக் கடைமடையை மறந்துவிடுகின்றனர் என்பது எம் கருத்தாதலின்.

பெயரைப் பற்றி ஒரு சொல். இக்கருவிக்குத் 'திசைவி' என்னும் நல்ல தமிழ்ப்பெயர் உண்டு. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யாம் அதனை விடுத்து 'ரவுட்டர்' என்று எழுதுதல் எம் ஆசிரியர்க்கு வருத்தம் விளைக்கக்கூடும். ஆயினும், கும்பகோணத்துக் கடையொன்றில் 'திசைவி உளதோ' என யாம் வினவியபோது, கடைப்பையன் எம்மை மின்விசிறிகள் தொங்கும் பக்கம் அழைத்துச் சென்றான். அன்றுமுதல் யாம் மக்கள் வழக்கிற்குப் பணிந்துவிட்டோம்.

நிற்க. சென்ற கோடை விடுமுறையில் பத்து நாள் தாராசுரத்தில் எம் நண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்கியிருந்தோம். இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலைக் கண்டு மீள்வோர் பலர். 2004ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையிற் சேர்ந்த கோயில் அது. ஆனால் அவ்வூரின் பட்டு நெசவுத் தெருக்களுள் நுழைந்து பார்ப்போர் சிலரே. அத்தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். முகப்புக் குறுகியது, உள்ளோ நீண்டுகொண்டே செல்வது. திண்ணை, இடைகழி, தறி கிடக்கும் கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, கிணற்றடி, கொல்லை என ஒன்றன்பின் ஒன்றாக வரும். எம் நண்பரது இல்லத்தைக் காலடியால் அளந்தோம். வாயிற்படி முதற் கொல்லைக் கதவு வரை நூற்றுப் பத்தடி வந்தது. சுவர்களோ பாட்டனார் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியவை. கனம் ஒன்றரை அடி.

அவ்வில்லத்தில் எழுவர் வாழ்கின்றனர். கைப்பேசிகள் எட்டு, தொலைக்காட்சி ஒன்று, வாயிலிற் காவற் கேமரா ஒன்று, நண்பரின் தமையனார் வெளியூர்க் கடைக்காரர்க்குச் சேலைகளை விரித்துக் காட்டிப் பேசும் மடிக்கணினி ஒன்று, தமக்கையார் பள்ளியில் பயின்ற காலத்து அரசு விலையின்றி வழங்கிய பழைய மடிக்கணினி ஒன்று ஆகப் பன்னிரண்டு கருவிகள் ஒரே பெட்டியை நம்பியிருந்தன. அப்பெட்டி கூடத்தில், தொலைக்காட்சியின் பின்னால், இரும்புப் பீரோ ஒன்றன் நிழலில் இருந்தது.

தமக்கையார் பட்டம் பெற்றுப் போட்டித் தேர்வொன்றிற்குப் படித்து வருகின்றார். இரவு எட்டு மணி முதற் பத்து மணி வரை அவர்க்குக் காணொளி வகுப்பு. அவர் படிக்கும் அறை இரண்டாங்கட்டில் உளது. அங்கே வகுப்பைத் திறந்தால் ஆசிரியர் வாய் திறந்தவாறே உறைந்து நிற்பார். ஆதலின் அவர் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவார். இரவு ஒன்பது மணிக்குத் தெருத்திண்ணையில் இளம்பெண் ஒருவர் தனியே அமர்ந்து கருவியை நோக்கிக் குறிப்பெடுப்பதைத் தெரு எங்ஙனம் நோக்கும் என்பதை யாம் விரித்துரைத்தல் வேண்டா. கொசுவும் உறவினரும் ஒருங்கே வருவர். யாம் தங்கியிருந்த மூன்றாம் இரவில் தாயார் வெளியே வந்து, 'போதும், உள்ளே வா' என்றார். தமக்கையார் மறுமொழி ஒன்றும் கூறாது எழுந்து சென்றார். அன்றைய வகுப்பில் எஞ்சிய ஒரு மணி நேரம் அவர்க்கு இல்லாமற் போயிற்று.

அவ்வீட்டார் இதனைப் பொருட்படுத்தாதிருந்தாரல்லர். இணைப்பு வழங்கினார் கொடுத்த பெட்டி போதாதென்று கருதி, தமையனார் முன்னரே வேறொன்று வாங்கிப் பொருத்தியிருந்தார். அதன்மேல் 1200 என்னும் எண் பெரிதாய் அச்சிடப்பட்டிருந்தது. அலைவாங்கிகள் நான்கு, நண்டின் கால்போல் நிமிர்ந்து நின்றன. அதனாலும் இரண்டாங்கட்டிற்கு ஒன்றும் எட்டவில்லை. இனி 3000 என எழுதியதொன்றை வாங்குவதே வழியென அவர் துணிந்திருந்தார். அதன் விலையைக் கேட்ட தந்தையார் ஒன்றும் பேசாது, அத்தொகை தறியில் எத்தனை நாள் என விரல்விட்டு எண்ணியதை யாம் கண்டோம்.

அந்த 1200 என்பது யாது? கம்பியில்லா வலை இரண்டு அலைவரிசைகளில் இயங்குவது, ஒன்று 2.4 கிகாஹெர்ட்சு, மற்றொன்று 5 கிகாஹெர்ட்சு. முன்னதில் அப்பெட்டி நொடிக்கு 300 மெகாபிட், பின்னதில் 867 மெகாபிட் செலுத்தவல்லது என்பது கணக்கு. இரண்டையும் கூட்டி, கூட்டுத்தொகையையும் சற்றே உயர்த்திச் சொன்னால் 1200 ஆகின்றது. அவ்வாறே 3000 என்பது 574உம் 2402உம் சேர்ந்த தொகை. ஒரு கைப்பேசியோ ஒரு வேளையில் அவ்விரண்டனுள் ஒன்றோடுதான் இணையும். 2024 முதற் சான்று பெற்று வரும் ஏழாந்தலைமுறைக் கருவிகள் சில இதற்குப் புறனடை. மேலும், இவ்வெண்கள் அலையின்மேல் ஏறும் வேகமேயன்றி நம் கைக்கு வரும் வேகம் அல்ல; ஒருவர்க்கொருவர் முறை கேட்டலிலும், பெற்றேன் எனச் சொல்லுதலிலும் ஏறத்தாழப் பாதி கழிந்துவிடும். இஃதெல்லாம் பெட்டியருகே அமர்ந்திருந்தால் கிடைப்பது. அவ்வீட்டிற்கு வெளியிலிருந்து வரும் இணைப்போ 100 மெகாபிட். காணொளி வகுப்பொன்றிற்கு வேண்டுவது மூன்று நான்கு மெகாபிட்தான். குளத்தில் நீர் போதிய அளவு இருந்தது. பயிர் வாடியதற்குக் காரணம் வேறு.

காரணம் சுவர். அலை சுவரை ஊடுருவும் என்பது மெய். ஆனால் ஒவ்வொரு சுவரும் ஒரு சுங்கச்சாவடி. திறந்த வெளியிலேயே தொலைவு இருமடங்கானால் அலையின் வலிமை நான்கிலொன்றாகக் குறையும். ஒன்றரை அடிச் சுவர் அதன்மேல் தன் பங்கினையும் எடுத்துக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்சு அலையின் நீளம் பன்னிரண்டரை செண்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்சு அலை ஆறு செண்டிமீட்டருக்கும் குறுகியது. குறுகிய அலை மிக்க சுமை தாங்கும், ஆனால் சுவரில் விரைவில் களைப்புறும். இரும்புப் பீரோவும் நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பி எறியும், நீர்த்தொட்டி விழுங்கிவிடும். சோழ நாட்டில் சுங்கந்தவிர்த்த குலோத்துங்கன் ஒருவன் இருந்தான். சுவர்களின் சுங்கத்தைத் தவிர்ப்பான் ஒருவன் இன்னும் பிறந்திலன்.

விலையுயர்ந்த பெட்டி உரக்கக் கூவாதோ எனின், அது கூவும் வலிமைக்கு அரசு வரம்பு கட்டியுளது. எளிய பெட்டிக்கும் அரிய பெட்டிக்கும் அவ்வரம்பு ஒன்றே. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசை 2005இலும், 5 கிகாஹெர்ட்சின் பெரும்பகுதி 2018இலும் உரிமச்சீட்டின்றிப் பயன்படுத்த விடப்பட்டன. விடப்பட்டபோதே வலிமையின் எல்லையும் வகுக்கப்பட்டது. அஃதன்றி, உரையாடல் இருவரிடையே நிகழ்வது. கூடத்துப் பெட்டி உரக்கக் கூவினும், இரண்டாங்கட்டுக் கைப்பேசி தன் சிறிய மின்கலத்தைக் கொண்டு மெல்லவே மறுமொழி கூறும். அலைவாங்கி பலவாயின் பெட்டியின் செவி ஓரளவு கூர்மையாகும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் மூன்று சுவர்க்கு அப்பால் முணுமுணுப்பவரின் சொல்லைக் கேட்க நான்கு செவியும் போதா.

இனி, பன்னிரண்டு கருவிகளும் ஒரே வெளியைப் பங்கிடுமாறு காண்க. 1971இல் ஹவாய்த் தீவுகளில் ஏப்ராம்சன் என்பாரும் அவர் குழுவினரும் கம்பியின்றிக் கணினிகளை இணைத்தபோதே இச்சிக்கல் தோன்றியது. இருவர் ஒரே வேளையிற் பேசினால் இருவர் சொல்லும் கெடும். ஆதலின் சற்றுப் பொறுத்து மீண்டும் பேசுக என விதித்தனர். இன்றைய வைஃபை அதனினும் பண்புடையது; முதலிற் செவிசாய்த்து, வெளி அமைதியாயிருப்பின் மட்டுமே பேசும். ஆயினும் முறை என்பது சொற்களின் அளவால் வகுக்கப்பட்டதேயன்றி நேரத்தால் அன்று. திக்கித் திக்கிப் பேசுவான் ஒருவன் அவையில் இருப்பின் மற்றையோர் எல்லாரும் காத்திருக்க நேரும். மெதுவாக இயங்கும் ஒரு கருவி, விரைந்த கருவிகளையும் தன் நடைக்கு இழுத்துவிடும் என்பதைப் பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகர ஆராய்ச்சியாளர் 2003இல் எழுதிக் காட்டினர். தமக்கையாரின் பழைய மடிக்கணினி தொலைவில் தள்ளாடியதால் தமையனாரின் புதிய கைப்பேசியும் தள்ளாடியது. கடைமடையை வாடவிட்டால் தலைமடையும் முழுதும் செழிக்காது என்பது இவ்வொரு வகையில் வயலினும் வலையில் மெய்யாகின்றது.

தெருவின் நெருக்கமும் சிறிதன்று. ஓரிரவு எண்ணியபோது, அக்கூடத்திலிருந்தே அண்டை வீட்டு வலைகள் இருபத்துமூன்று தென்பட்டன. 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றையொன்று தீண்டாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. தோளோடு தோள் நிற்கும் வீடுகளில் இருபத்துமூவர் மூன்று திண்ணையில் அமர்ந்தால் எப்படியோ அப்படி.

இவை அனைத்தினும் நுட்பமானதொரு குறை உண்டு. அதனை விற்பவர் சொல்லார், வாங்குபவர் கேளார். எட்டு மணிக்குத் தமையனார் சேலைக் காட்சியொன்றைப் படமெடுத்து அனுப்பத் தொடங்கினால், திண்ணையில் நல்ல அலையோடு அமர்ந்திருந்த தமக்கையாரின் வகுப்பும் நின்றுவிடும். அலை குறையவில்லை, வேகம் குறையவில்லை, வரிசை நீண்டுவிட்டது. வெளியே செல்லும் வழி குறுகியிருக்க, பெட்டி வருவன யாவற்றையும் தன் களஞ்சியத்துள் வாங்கி வாங்கி நிறைத்துக்கொள்ளும். தமக்கையாரின் சிறு வினா அச்சேலை மூட்டைகளின் பின்னால் நின்று நொடிக்கணக்கிற் காத்திருக்கும். களஞ்சியம் பெரிதாகப் பெரிதாக இந்நோயும் பெரிதாகும். இதற்கு மருந்தாக, நெடுநேரம் காத்திருப்பதை அளந்து வரிசையைக் குறைக்கும் முறையொன்றைக் கத்லீன் நிக்கல்சும் வான் சேக்கப்சனும் 2012இல் வெளியிட்டனர். அதனோடு, ஒவ்வொருவர்க்கும் தனி வரிசை அமைத்து முறையாக ஒவ்வொன்று விடுக்கும் ஏற்பாடும் சேர்ந்து இன்று பல ரவுட்டர்களில் உளது. இது வாய்க்காலில் முறைநீர் விடுதலையன்றி வேறில்லை. வீட்டில் ஆள் மிக்கவர் ரவுட்டர் வாங்குங்கால் முதலிற் கேட்க வேண்டியது இதுவே: ஒருவர் பெருஞ்சுமை அனுப்புங்கால் மற்றவர் பேச்சு நிற்குமா? சோதித்தலும் எளிது. ஒரு கைப்பேசியிலிருந்து நீண்ட படமொன்றை அனுப்பத் தொடங்கி, மற்றொன்றிற் காணொளியிற் பேசிப் பார்க்க. பேச்சு இடறுமாயின், பெட்டியின்மேல் எவ்வெண் எழுதியிருப்பினும் அது பலர் வாழும் இல்லத்திற்கு ஆகாது.

அப்பத்து நாளில் யாம் செய்தது மிகச் சிறிது. முதலிற் பெட்டியைப் பீரோவின் நிழலிலிருந்து எடுத்து, கூடம் முற்றத்தைத் தொடும் இடத்தில், ஆளுயரத்திற்கு மேல் ஒரு பலகையில் வைத்தோம். முற்றம் திறந்த வெளி. அங்கே சுங்கம் இல்லை. இச்செலவற்ற செயலால் அடுக்களை வாயில் வரை அலை எட்டியது. தமக்கையாரின் அறைக்கோ எட்டவில்லை. பிறகு, முற்றத்து இறவாரத்தின் உட்பக்கமாக ஒரு வலைக்கம்பியை இழுத்து, இரண்டாங்கட்டில் இரண்டாவது பெட்டியொன்றைப் பொருத்தினோம். அவ்விரண்டாவது பெட்டி, இணைப்பு வழங்கினார் கொடுத்த பெட்டியோடு தேவையின்றிச் சேர்ந்து கூடத்தில் கிடந்த அந்த 1200தான்! கூடத்தில் வழங்கினார் பெட்டியே போதுமானதாயிற்று. வலைக்கம்பி 100 மீட்டர் வரை தளர்வின்றிச் செல்லும். நம் வீடு எத்துணை நீண்டதாயினும் அதனுள் அடங்கும். 3000 எழுதிய பெட்டியின் தேவை அன்றோடு ஒழிந்தது. செலவு கம்பியின் விலை மட்டும்.

கம்பியில்லா வலைக்குக் கம்பி இழுப்பதோ என நகைப்பவர் உளர். கம்பியின்றியே நீட்டித்தரும் பெட்டிகளும் விற்கின்றன; ஆனால் அவற்றுட் பல, முதற்பெட்டி சொன்னதைக் கேட்டு அதே சேனலில் மறுபடி சொல்வதால் வேகம் பாதியாகும். இரண்டுக்கும் இடையே பேசத் தனி அலைவரிசை வைத்த பெட்டிகள் நன்று, விலை மிகுதி. சுவரில் ஆணியடிக்க இசையாத வாடகை வீட்டார்க்கு அவையே கதி. சொந்த வீட்டார் கம்பியிழுக்க நாணுதல் வேண்டா. கைப்பேசிக்கெனத் தனித்தனியே வாங்கும் நாளளவு இணையமே போதாதோ என்பார்க்கு, ஒருவர்க்குப் போதும், எழுவர்க்குப் போதாது என்போம். மேலும் அதில் யார்க்கு எவ்வளவு என்பதைப் பணம் கட்டுபவரே முடிவுசெய்வர்.

உறுதியைப் பற்றியும் சில சொல்லல் வேண்டும். ரவுட்டர் என்பது இரவும் பகலும் உறங்காத சிறு கணினி. வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் 40 பாகை வெப்பம் வரை இயங்குமாறு செய்யப்படுவன. நம் சித்திரை வெயிலில் அதனை அலமாரியுள் அடைத்துப் பூட்டுவார் அதன் ஆயுளை அடைத்துப் பூட்டுகின்றனர். மின்வெட்டு நேர்ந்தால் ஒளியிழைப் பெட்டியும் ரவுட்டரும் ஒருங்கே அணையும். பலவும் 12 வோல்ட்டில் இயங்குவன. ஆதலின் கைக்கு அடங்கும் சிறு மின்கலப் பெட்டி சில மணி நேரம் இரண்டையும் தாங்கும். பெரிய ரவுட்டருக்குக் கொடுக்கும் மிகைப்பணத்தில் இதனை வாங்குதல் மேல் என்பது எம் துணிபு. கசா புயல் வீசிய 2018 நவம்பருக்குப்பின் கடற்கரைப் பக்கத்தார் மின்சாரத்திற்கு எத்தனை நாள் காத்திருந்தனர் என்பதைக் கேட்டறிந்தோர் இதனை மறுக்கார்.

திருடர் வருவதும் உண்டு. 2016 நவம்பரில் செர்மனியில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் வாடிக்கையாளரின் ரவுட்டர்கள் ஒரு தாக்குதலால் முடங்கின. 2018இல் 54 நாடுகளில் ஐந்து இலட்சம் கருவிகளேனும் ஒரே நச்சு நிரலுக்கு இரையாயிருந்தமை வெளிப்பட்டது. நிரலைப் புதுப்பித்து வரும் செய்வோரே இதற்குக் காவல். ஆதலின் எத்தனை ஆண்டு புதுப்பிப்பீர் எனக் கேட்டு வாங்குக. விடை கூறாதார் பெட்டியை விட்டு நீங்குக. ஒரே பெயருடைய பெட்டிக்குள் ஆண்டுதோறும் வேறு வேறு உறுப்புகள் இருத்தலும் வழக்கம். அடிப்புறத்து ஒட்டுச்சீட்டில் 'வெர்ஷன்' என எழுதியதைப் பார்த்தே தேர்க. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுக. 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 காவல் உளதா என்பதையும், கம்பித் துளைகள் 100 அன்றி 1000 மெகாபிட் தாங்குவனவா என்பதையும் நோக்குக. முகப்பில் பெரிய எண் எழுதிய பெட்டி சிலவற்றின் பின்புறத்தில் 100 என்னும் குறுந்துளையே இருக்கும். ஆறாந்தலைமுறைப் பெட்டி இன்று போதும். பலர்க்குரிய சிறு மூட்டைகளை ஒரே வண்டியில் ஏற்றிச் செல்லும் திறன் அதற்கு உண்டு. கைப்பேசியும் அத்தலைமுறையதாயின் மட்டுமே அத்திறன் பயன்படும்.

எம் நண்பர் இல்லத்தில் எல்லாம் இனிதே முடிந்ததெனச் சொல்லற்கில்லை. முறைநீர் விடும் ஏற்பாடு வழங்கினார் பெட்டியில் இல்லை. ஆதலின் சேலைக் காட்சிகளைப் பத்து மணிக்குப் பின்னரே அனுப்புவதாகத் தமையனார் உடன்பட்டார். மூன்றாம் நாளே மீறினார். கடைக்காரர் காத்திருக்கின்றார் என்பது அவர் வாதம். ஆசிரியர் காத்திருக்கமாட்டார் என்பது தமக்கையார் வாதம். அடுத்து வாங்கும்போது எதனைக் கேட்டு வாங்குவதென்பது இருவர்க்கும் இப்போது தெரியும்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகக் கூற விரும்புகின்றோம். எம் தோழர் பலரின் இல்லங்களை எண்ணிப் பார்த்தோம். பெட்டி இருப்பது கூடத்தில், ஆடவர் அமருமிடத்தில், தொலைக்காட்சியருகே. அலை தளர்வது அடுக்களையிலும், பெண்கள் படிக்கும் பின்னறையிலும். யாரும் தீங்கெண்ணி அங்ஙனம் வைத்தாரல்லர். ஒளியிழை தெருவிலிருந்து வருகின்றது, வந்த இடத்தில் ஆணியடித்துச் செல்கின்றனர் பொருத்துவோர். அவ்வளவே. ஆயினும் விளைவு யார்மேல் விழுகின்றது என்பதைக் காணாதிருத்தல் எங்ஙனம்? பொருத்த வருவாரிடம், 'இங்கன்று, இன்னும் முப்பதடி உள்ளே' என்று சொல்லக் கூடத்தில் ஒருவர் வேண்டும். அவ்வொருவர் பின்னறையிற் படிப்பவராயின் இன்னும் நன்று.

விடுமுறை முடிந்து விடுதிக்கு மீண்டோம். ஐப்பசி மழைநாள் ஒன்றில் தமக்கையாரிடமிருந்து செய்தி வந்தது. இறவாரத்துக் கம்பியை அணில் கடித்துவிட்டதாம். அண்டை வீட்டில் முனை பொருத்தும் கருவியை இரவல் வாங்கி, எட்டு இழைகளையும் நிறம் பார்த்து வரிசைப்படுத்தித் தாமே புதுமுனை பொருத்தினாராம். முதல் இரண்டு முனைகள் வீணாயின, மூன்றாவது பிடித்துக்கொண்டது. வகுப்புக்கு ஏழு நிமிடம் தாழ்ந்ததாக எழுதியிருந்தார்.